தவறணை மூடிய வெள்ளிக்கிழமை

அமெரிக்காவில் அடிமைகள் இருந்தார்கள் என்பதை நான் எங்கள் குசினிக் கதவில்தான் படித்தேன். அது இரண்டாம் உலக யுத்த காலம். திருகோணமலையில் குண்டு விழுந்தபின் பட்டணத்து வீட்டைப் பூட்டிவிட்டுச் சாம்பல்தீவில் ஓர் ஓலை வீட்டில் இருந்தோம். தான் படித்த பள்ளிக்கூடத்தை மூடிவிட்டதால் அம்மாவின் தங்கையான சின்னம்மாவும் எங்களோடு வந்துவிட்டார். அவர் கொண்டுவந்த ஒரே சொத்து, சோதனைக்குப் படித்துக்கொண்டிருந்த அமெரிக்கச் சரித்திரப் புத்தகம். அதிலிருந்து நாளுக்கொரு சொல்லைத் தமிழாக்கி, கரித்துண்டால் கதவில் எழுதி எனக்கு விளக்குவார். அடிமை ஒழிப்பு, வாக்குரிமை, சீர்திருத்தம். ஒவ்வொரு சொல்லும் எனக்குத் துறைமுகத்துப் போர்க்கப்பல் அளவு பெரிதாகத் தெரிந்தது. வாயைப் பிளந்துகொண்டு கேட்பேன்.

வாசிக்கத் தெரியாத அம்மாவும் குசினி அடுப்படியில் சமைத்தபடி கேட்டுக்கொண்டிருப்பார். மதுவிலக்கு என்று எழுதிய அன்றுதான் முதன்முதலாக வாய் திறந்தார். அமெரிக்காவில் பெண்கள் கூட்டமாகப் போய்ச் சாராயக் கடை வாசலில் முழங்காலில் நின்று, பாட்டுப் பாடியே கடையை மூடவைத்தார்கள் என்று சின்னம்மா சொல்லிக்கொண்டிருந்தார்.

“அவையின்ரை புருசன்மாரும் குடிக்கிறவையோ?” என்று அம்மா கேட்டார்.

“ஓம் அக்கா. குடிச்சுப்போட்டு வீட்டுக்கு ஒண்டும் குடுக்கிறேல்லையாம்.”

அம்மா விறகை அடுப்புக்குள் தள்ளிவிட்டார். அப்பாவுக்குத் துறைமுகத்தில் நல்ல வேலைதான். ஆனால் சம்பளம் வீட்டுக்கு வரும் வழியில் கள்ளுத் தவறணை இருந்தது. கிழமையில் பாதி நாள் எங்கள் அடுப்பு சும்மா கிடக்கும். அதைப்பற்றி அம்மா அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்டு நான் அறியேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை பின்னேரம் சின்னம்மா அயலட்டைப் பெண்களைத் திரட்டித் தவறணை வாசலில் இருத்திவிட்டார். நண்டு சிண்டுகளோடு நானும் இருந்தேன். பாடச் சொன்னால் எங்கள் பெண்களுக்கு அம்மன் பாட்டுத்தான் தெரியும். அம்மன் பாட்டென்றால் கற்பூரம் இல்லாமலா? வேப்பிலையும் வந்துவிட்டது. “இது போராட்டம், பூசை இல்லை!” என்று சின்னம்மா தலையில் அடித்துக்கொண்டார். யார் கேட்டது? உள்ளே குடித்துக்கொண்டிருந்தவர்களும் கற்பூரத்தைக் கண்டதும் சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு பயபக்தியோடு எழுந்து நின்றார்கள். கோயிலில் உடுக்கடிக்கிற ஒருவர் வெறும் கள்ளு முட்டியில் தாளம் போடத் தொடங்கினார்.

அப்போதுதான் என் பக்கத்தில் இருந்த அம்மா எழும்பினார். கொண்டை அவிழ்ந்து விழுந்தது. உடம்பு நடுங்கியது. அதற்கு முன் ஒருநாளும் அவருக்கு அம்மன் உரு வந்ததில்லை. எழுந்து நின்ற குடிகாரர்களுக்குள் பதுங்கப் பார்த்த அப்பாவின் முன்னால் போய் நின்றார்.

“என்ரை பிள்ளையள் நேற்று வெறும் கஞ்சித் தண்ணியோடை படுத்ததுகள். உனக்குத் தெரியுமோடா?”

எனக்குப் புல்லரித்துப் போயிற்று. நேற்று நாங்கள் குடித்த கஞ்சித் தண்ணீர்வரை அம்மன் அறிந்து வைத்திருக்கிறாளே! அப்பா மண்ணில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து, “தாயே, இனித் தொடமாட்டன்” என்று அழுதார். தவறணைக்காரர் தானாகவே முட்டிகளைக் கவிழ்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார். சின்னம்மாவுக்கு மட்டும் முகம் தொங்கிவிட்டது. அமெரிக்காவில் யாருக்கும் உரு வரவில்லையாம்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா முகம் கழுவி, கொண்டை முடிந்து, ஒன்றும் நடவாததுபோல அடுப்பை மூட்டினார். அப்பா உள்ளே வராமல் முற்றத்திலேயே நின்றார். எனக்கு ஒரு பயம் பிடித்துக்கொண்டது. அம்மன் மலையேறிவிட்டால் அப்பா பழையபடி தொடங்கிவிடுவாரே!

“அம்மா, அம்மன் போயிட்டாவோ?”

அம்மா ஒருதரம் முற்றத்தைப் பார்த்தார். பிறகு அப்பாவுக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

“அவ எங்கை போறது? இந்த வீட்டிலைதான் இருக்கிறா.”

நான் ஓடிப்போய்ச் சாமி படத்துக்கு முன்னால் விழுந்து கும்பிட்டேன். குசினிப் பக்கம் திரும்பிப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை.