கழற்றாத கையுறை

ஆகஸ்ட் மாதத்து வெயிலில் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டவள் லோரெய்ன் ஜப்லான்ஸ்கி. ஈரி நகரத்தில் அவள் முகத்தைத் தெரியாதவர்கள் இருக்கலாம், குரலைத் தெரியாதவர்கள் இல்லை. திங்கட்கிழமை காலை விளையாட்டு வானொலிக்குத் தவறாமல் ஃபோன் போட்டு ஆங்கர்ஸ் அணியைக் கிழித்துத் தோரணம் கட்டுவாள். தெருவில் பனி தள்ளும் லாரியை ஓட்டுகிறவள்; ‘பனிலாரி லோரெய்ன்’ என்று சொன்னால் போதும், எங்கள் ஊரில் எல்லோருக்கும் சிரிப்பு வந்துவிடும்.

அன்றைக்கும் அப்படித்தான். வானொலிக்காரன் சிப், “இந்த வருஷம் நம்ம பசங்க எப்படி லோரெய்ன்?” என்று கொக்கி போட்டான்.

“எம் பொண்ணு மார்னி கல்யாணத்த ஜனவரி ரெண்டாவது சனிக்கிழமை வச்சிருக்கேன் சிப். அன்னிக்குத்தான் பிளேஆஃப் ஆரம்பிக்குது. தெரிஞ்சேதான் வச்சேன். நம்ம பசங்களுக்கும் பிளேஆஃபுக்கும் என்னப்பா சம்பந்தம்? மண்டபத்துல டிவிகூட வேண்டாம்னு சொல்லிட்டேன், போ!”

ஊரே சிரித்தது. சீசன் முடிவில் முன்னணி அணிகள் மட்டும் ஆடுகிற பிளேஆஃப் சுற்றின் வாசலைப் பத்தொன்பது வருஷமாக மிதிக்காத அமெரிக்க ஃபுட்பால் அணி அது. ஈரிக்காரர்கள் ஜனவரியில் கல்யாணம் வைப்பதே அந்தத் தைரியத்தில்தான். வேறு ஊரில் யாரும் இப்படி ஒரு தவறைச் செய்யமாட்டார்கள்.

முதல் மூன்று ஆட்டங்களில் ஆங்கர்ஸ் தோற்றபோது லோரெய்ன் வானொலியில் “நான் சொன்னேன்ல?” என்று கெக்கலித்தாள். நான்காவதில் ஜெயித்தார்கள். ஐந்தாவதிலும் ஜெயித்தார்கள். அக்டோபர் முடிவதற்குள் ஊரில் ஆளாளுக்கு அணியின் நீலச் சட்டையைப் பெட்டிக்குள்ளிருந்து எடுத்து உதறிப் போட ஆரம்பித்துவிட்டார்கள். லோரெய்ன் நாட்காட்டியில் ஜனவரிப் பக்கத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்க்க ஆரம்பித்தாள்.

தேதியை மாற்ற வழி இருந்தால் மாற்றியிருப்பாள். மாப்பிள்ளை டெரெக் கடலோரக் காவல் படையில் இருக்கிறான். கல்யாணம் முடிந்த திங்கட்கிழமை அலாஸ்காவில் வேலையில் சேர வேண்டும், மார்னியும் கூடவே போகிறாள். முந்தின நாள் வெள்ளிக்கிழமை வைக்கலாமென்றால் மண்டபத்தில் மீன் வறுவல் விருந்து. எங்கள் ஊரில் வெள்ளிக்கிழமை மீன் வறுவலை நிறுத்தச் சொல்ல போப்பாண்டவருக்கே துணிச்சல் வராது. சனிக்கிழமை காலையில் வைத்துக்கொள்ளலாமா என்று பாதிரியாரே கேட்டுப் பார்த்தார். ஒரு மணி ஆட்டத்துக்கு விடிந்ததுமே மைதானத்து வண்டி நிறுத்துமிடத்தில் அடுப்பு மூட்டி சாசேஜ் வாட்டுகிற ஜனங்களிடம் காலை என்ன, மாலை என்ன?

இதில் பெரிய சிக்கல் வெண்டல் க்வியாடெக்.

லோரெய்னின் புருஷன் டெட், குளிர் தாங்கவில்லை என்று ஃப்ளோரிடாவுக்குப் போனவன், போனவன்தான். அப்போது மார்னி மழலை பேசிக்கொண்டிருந்தாள். லோரெய்ன் டெட்டின் துணிமணியை மூட்டை கட்டித் தேவாலயத்துக்குக் கொடுத்தாள். மைதானத்தில் சீசன் முழுக்க அவன் பெயரில் பதிந்திருந்த இருக்கையை மட்டும் விடவில்லை. அதில் குழந்தையை உட்காரவைத்தாள். குழந்தைக்கு அந்தப் பக்கத்து இருக்கை வெண்டலுடையது. ரயில் எஞ்சின் தொழிற்சாலையில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர், பிடிவாதக்காரர். மார்னி அவர் மடியில் தூங்கி, அவர் வாங்கிக் கொடுத்த வேர்க்கடலையைத் தின்று, அவர் வாயிலிருந்தே முதல் கெட்ட வார்த்தையையும் கற்றுக்கொண்டாள். கல்யாணத்தன்று தேவாலயத்தில் அப்பா ஸ்தானத்தில் தன் கையைப் பிடித்து அழைத்துப் போக அவரைத்தான் கேட்டாள். ஜூன் மாதம் கேட்டபோது அந்த மனுஷன் மூக்கைச் சிந்திக்கொண்டே வீட்டுக்குப் போனார்.

நவம்பரில் மீன் வறுவல் வரிசையில் நின்றுகொண்டு அத்தனை பேர் முன்னாலும் அதே மனுஷன் சொன்னார்.

“இந்தா பாரு லோரெய்ன், இப்பவே சொல்லிடறேன். அன்னிக்கு நம்ம ஊர்ல மேட்ச்னா நான் மைதானத்துலதான் இருப்பேன். அப்புறம் எம்மேல வருத்தப்படாத.”

“யோவ், எம் பொண்ணுய்யா!”

“எனக்கும் பொண்ணு மாதிரிதான். அதுக்காக? பத்தொம்பது வருஷம். அடுத்தது வர்றப்ப நான் இருப்பேனோ இல்லியோ.”

“அப்ப அவள யாரு கூட்டிட்டுப் போறது, நானா? லாரி ஓட்டுற மாதிரிதான் எனக்கு நடக்க வரும்.”

“தேதி வச்சது யாரு? நானா வானொலியில பீத்திக்கிட்டேன்?”

வரிசையில் நின்றவர்களெல்லாம் கொல்லென்று சிரித்தார்கள். லோரெய்ன் மீன் தட்டை வாங்காமலே வெளியே வந்துவிட்டாள்.

டிசம்பர் முழுக்க அவளுக்கு ஒரு இடத்தில் கால் தரிக்கவில்லை. பனி தள்ளும் லாரியில் தெருத்தெருவாகப் போவாள், வானொலியைப் போடுவாள், அணைப்பாள், மறுபடி போடுவாள். சிப் வாரத்துக்கு வாரம் “லோரெய்ன், மண்டபத்துக்கு டிவி சொல்லியாச்சா?” என்று கேட்டு ஊரைச் சிரிக்கவைத்தான். புகைப்படம் எடுப்பவர் நழுவினார். ஆர்கன் வாசிக்கிற அம்மாளுக்குத் திடீரென்று முதுகுவலி வரும்போல் இருந்தது. அழைப்பை ஏற்றவர்களெல்லாம் “மேட்ச் இல்லேன்னா கட்டாயம் வர்றோம்” என்றார்கள்.

ஆனால் அவளை அரித்தது அதெல்லாம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் ஆங்கர்ஸ் ஒரு புள்ளி எடுத்ததும் துள்ளிக் குதித்துவிடுவாள். குதித்து இறங்கும்போதே மார்னி வெள்ளை கவுனில் தனியாக நிற்பது கண்ணில் வரும். எதிரணி புள்ளி எடுத்தால் மனசு லேசாகும், உடனே தன்மேலேயே அருவருப்பாக இருக்கும். வாழ்நாளெல்லாம் கேட்ட வரம் வாசலுக்கு வந்து நிற்கும்போது கதவைச் சாத்தப் பார்க்கிறோமே என்று குமைந்தாள்.

கடைசி ஞாயிறு வந்தது. எதிரே டொலீடோ அணி. ஜெயித்தால் பிரிவில் முதலிடம், அடுத்த சனிக்கிழமை மத்தியானம் சொந்த மைதானத்திலேயே பிளேஆஃப். தோற்றால் சீசன் முடிந்தது. ஏரிக்காற்று ஊசியாகக் குத்தியது. ஆட்டம் முடியச் சில நொடிகள் இருக்கும்போது ஆங்கர்ஸ் இரண்டு புள்ளி பின்தங்கி இருந்தது. பந்தை உதைத்து இரண்டு கம்பங்களுக்கு நடுவே அனுப்பிவிட்டால் மூன்று புள்ளி, ஆட்டம் நம்முடையது. உதைப்பவன் வந்து நின்றான்.

மைதானத்தில் அவர்கள் உட்காரும் வரிசைக்கு ஒரு வழக்கம் உண்டு. என்றோ ஒரு நாள் வெண்டல் ஒரு கையுறையைத் தொலைத்துவிட்டு வெறுங்கையால் முன்னாலிருந்த இரும்புக் கம்பியைப் பிடித்தார். எங்கோ தூரத்திலிருந்து உதைத்த பந்து உள்ளே போனது. அன்றிலிருந்து நம் அணி உதைக்கும்போதெல்லாம் வரிசையே வலது கையுறையைக் கழற்றிக் கம்பியைத் தொடும். தோல் ஒட்டிக்கொள்கிற குளிரிலும் தொடும். மார்னிக்குக் கம்பி எட்டாத வயதில் வெண்டல்தான் அவளைத் தூக்கித் தொடவைப்பார். தொட்டும் எத்தனையோ தடவை பந்து வெளியே போயிருக்கிறது. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

“கை!” என்று யாரோ கத்தினார்கள்.

லோரெய்ன் கையுறையின் நுனியைப் பிடித்தாள். இழுக்கவில்லை. இழு, இழு என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். யாரையும் பார்க்காமல் தன் கையை மட்டும் பார்த்தாள். கையுறையோடேயே கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

பந்து நேராகத்தான் போனது. கடைசியில் வலது கம்பத்தில் டங்கென்று இடித்து வெளியே விழுந்தது. அந்தச் சத்தம் மேல் வரிசை வரைக்கும் கேட்டது. பிறகு எதுவும் கேட்கவில்லை. இத்தனை ஆயிரம் பேர் கூடிய இடத்தில் இப்படி ஒரு அமைதியை லோரெய்ன் கண்டதில்லை. அவளை அறியாமல் ஒரு பெருமூச்சு வெளியேறி முகத்துக்கு முன்னால் வெள்ளைப் புகையாக நின்றது.

வெண்டல் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நீ கையுறையக் கழட்டல” என்றார். போர்வையைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார்.

அதற்கப்புறம் லோரெய்ன் எத்தனை தடவை கூப்பிட்டும் வெண்டல் ஃபோனை எடுக்கவில்லை. செவ்வாய்க்கிழமை புதுப் பனி கொட்டியது. பனிலாரி போன தெருவில் வீட்டு வாசல்களை மறித்து ஒரு பனிச்சுவர் எழும். அதற்காக லாரிக்காரர்களைத் திட்டாத வீடு ஊரில் இல்லை. வெண்டல் வாசலில் மட்டும் லோரெய்ன் எப்போதும் லாரியின் முன்னாலிருக்கும் பனி தள்ளும் அலகைத் தூக்கிவிடுவாள். அன்று லாரியை நிறுத்தி, விளக்கு சுழலச் சுழல இறங்கி, மண்வெட்டியால் அவர் வாசல் முழுவதையும் சுத்தம் செய்தாள். ஜன்னல் திரை ஒரு தடவை அசைந்தது. கதவு திறக்கவில்லை.

“என்னம்மா இது? மேட்ச்தான் இல்லையே, வெண்டல் மாமாவுக்கு இப்ப என்ன?” என்று மார்னி குதித்தாள்.

லோரெய்ன் அடுப்படியில் நின்றபடியே சொல்லிவிட்டாள், கையுறை விஷயத்தை. மார்னி விழுந்து விழுந்து சிரித்தாள். “ஐயோ அம்மா, உன் கையுறையாலயா பந்து வெளிய போச்சு?” என்றவள் பாதியில் சிரிப்பை நிறுத்தினாள். அவளும் அந்த வரிசையில் வளர்ந்தவள்தானே.

“எனக்காகவா கழட்டல?”

“வேற யாருக்காக?”

மார்னி அடுப்பைச் சிறிதாக்கினாள். பிறகு, “அவர் வரலேன்னா நான் தனியா நடந்துக்கறேன், விடு” என்றாள். விடு என்ற சொல் நடுங்கியதால் லோரெய்னால் விடமுடியவில்லை. அந்த வாரம் முழுக்க வெண்டலின் தெருவை மட்டும் தேவைக்கு மேல் தள்ளினாள். மேலதிகாரி கேட்டபோது அங்கே காற்று அதிகம் என்று புளுகினாள்.

சனிக்கிழமை தேவாலயம் பிதுங்கியது. போக வேறு இடமில்லையே! எல்லோரும் வந்திருந்தார்கள், ஆர்கன் அம்மாளின் முதுகும் குணமாகியிருந்தது. துக்க வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மைதானத்து வரிசைக்காரர்கள் பழக்கத்தில் ஒரே பெஞ்சில் நெருக்கிக்கொண்டு இருந்தார்கள். சிப்பும்கூட வந்து, வாயைத் திறக்காமல் ஒரு மூலையில் இருந்தான்.

முன்கூடத்தில் மார்னி கவுனைப் பிடித்தபடி நின்றாள். பாதிரியார் இரண்டாம் தடவை எட்டிப் பார்த்தார். லோரெய்ன் வாசல் கதவுக்கும் மகளுக்கும் நடுவே நடந்துகொண்டே இருந்தாள்.

கதவு திறந்து பனிக்காற்றோடு வெண்டல் உள்ளே வந்தார். கறுப்பு சூட், பளபளக்கிற ஷூ, கையில் மட்டும் மைதானத்துக்குப் போட்டுவரும் பழைய நீலக் கையுறை. மார்னியைப் பார்த்து ஒரு தலையசைப்பு. பிறகு லோரெய்னைத் தூண் மறைவுக்கு இழுத்துப் போனார்.

“திட்டுறதா இருந்தா கல்யாணம் முடிஞ்சு திட்டு” என்றாள் லோரெய்ன். “ஆமா, நான் கழட்டல. வேணும்னேதான் கழட்டல. அந்தப் பாவம் என்னோட போகட்டும். பொண்ணு காத்திருக்கா.”

“மெதுவாப் பேசு.” வெண்டல் கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டார். “நானும் கழட்டல.”

“என்னது?”

“கைய கோட்டுப் பைக்குள்ளயே வச்சிக்கிட்டேன். கம்பியப் புடிக்கக்கூட இல்ல.” அவர் கண் கலங்கியது. “மேட்சுக்குத்தான் போவேன்னு ஊர் முழுக்கச் சொல்லித் தொலச்சிட்டேன். எப்படிப் பின்வாங்குறது? அவ தனியா நடக்குறத நெனச்சேன், கை வெளிய வரல. வழக்கத்த ஆரம்பிச்சவனே நான்டி. எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு உன் ஃபோன எடுப்பேன்?”

“பாவி! ஒரு வாரமா என்னைக் கொன்னுட்டியே!”

“வெளிய மூச்சு விடாத. சிப் உள்ளதான் இருக்கான்.”

லோரெய்னுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. அவரை ஓங்கி ஒரு அடி தோளில் அடித்தாள். வெண்டல் வலது கையுறையைக் கழற்றி அவளிடம் கொடுத்துவிட்டு வெறுங்கையை மார்னியிடம் நீட்டினார். ஆர்கன் தொடங்கியது.

லோரெய்ன் முன்னால் விரைந்து தன் இடத்துக்குப் போகும்போது மைதானத்து வரிசைக்காரர்களின் பெஞ்சைக் கடந்தாள். கையில் வெண்டலின் ஒற்றை நீலக் கையுறை. முதலில் உட்கார்ந்திருந்தவன் அதைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். அடுத்தவள் வலது கையைக் கோட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டு பாட்டுப் புத்தகத்துக்குள் முகத்தைப் புதைத்தாள். அந்த பெஞ்சு முழுவதிலும் ஒருவர்கூட அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை.