குடிக்காதவரின் நடுக்கம்

என் பெரியப்பா ஆதிகேசவன் குடிக்க மாட்டார். இதை முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன். ஒன்றரை வருடமாக எந்த டாக்டர் முன் உட்கார்ந்தாலும் நான் முதலில் சொல்ல வேண்டியிருந்தது இதைத்தான். சொன்ன பிறகும் அவர்கள் பெரியப்பாவின் கண்ணை ஒரு முறை உற்றுப் பார்ப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அடுகோடிப் பக்கம் ஓர் அபார்ட்மென்டில் அவர் செக்யூரிட்டி. வீடு அல்சூரில், எங்கள் வீட்டுக்கு மேல்மாடி. அவருடைய அப்பா குடித்துக் குடித்தே போய்ச் சேர்ந்தவர். அதனால் இளவயதிலேயே பாட்டிலைத் தொடுவதில்லை என்று முடிவு செய்துவிட்டார். பிறகு குடும்பமாகப் பௌத்தத்துக்கு வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் பஞ்சசீலத்தை அவர் ஒவ்வொன்றாகச் சொல்ல, மற்றவர்கள் திருப்பிச் சொல்வார்கள். ஐந்தாவது, போதை தருவதைத் தொடுவதில்லை என்பது. அதற்கு வரும்போது மட்டும் அவர் குரல் ஒரு படி ஏறும்.

அந்தக் குரல்தான் முதலில் போனது. பிறகு வலது தோள் இறுகியது. அப்புறம் கை. சும்மா இருக்கும்போது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கண்ணுக்குத் தெரியாத எதையோ உருட்டிக்கொண்டே இருக்கும். டம்ளரை எடுக்கப் போனால் நின்றுவிடும்.

"வேலை செஞ்சா நிக்குது, சும்மா குந்துனா ஆடுது. இது சீக்கு இல்லடி விஜி, சோம்பேறித்தனம்" என்பார் சரசு பெரியம்மா.

"நீ சும்மா இருந்தா உன் வாய் ஆடுது. அதுக்கு யாரு வைத்தியம் பாக்கறது?" என்பார் பெரியப்பா. ஆனால் அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் சிரிப்பு வராது. சிரிப்பு வராமல் போனதும் அந்தச் சமயத்தில்தான். அபார்ட்மென்டில் இருப்பவர்கள் அதற்குத் திமிர் என்று பெயர் வைத்தார்கள். கேட்டைத் திறந்துவிட்டுத் திரும்பும்போது கால் தடுமாறியதை யாரோ கேமராவில் பார்த்தார்கள். பி பிளாக்கிலிருந்து ஒருவர் அபார்ட்மென்டின் வாட்ஸ்அப் குரூப்பில், 'செக்யூரிட்டி டியூட்டியில் குடிக்கிறார் போலிருக்கிறது, கை நடுங்குகிறது' என்று போட்டார். செக்ரட்டரி சீனிவாசராகவன், டாக்டரிடமிருந்து எழுதி வாங்கி வந்தால்தான் வேலையில் தொடரலாம் என்று சொல்லிவிட்டார். அந்த வாரத்திலிருந்து பெரியப்பா ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கும் போகவில்லை. ஐந்தாவதைச் சொல்லும்போது யாராவது சிரித்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்டார்.

எங்கள் வீட்டில் காலேஜ் முடித்தவள் நான் ஒருத்திதான். பி.காம். அதனால் ஆஸ்பத்திரி வேலை என் தலையில் விழுந்தது. "நீ படிச்சவ, நீ பேசு" என்று சொல்லிவிட்டால் போதும், எல்லாரும் ஒதுங்கிவிடுவார்கள். நான் என்ன படித்தேன் என்று ஒருவரும் கேட்டதில்லை.

தெருமுனை கிளினிக்கில் சத்துக் குறைவு என்று ஊசி போட்டார்கள். எலும்பு டாக்டர் தோளைத் திருகிப் பார்த்துவிட்டு, தோள்மூட்டு இறுகிவிட்டது என்று பிசியோதெரபிக்கு அனுப்பினார். இன்னொருவர் மனக்கவலை என்றார். கவலை இல்லாமல் இருக்குமா? நெட்டில் தேடித் தேடி நானே ஒரு பெயரைக் கண்டுபிடித்து வைத்திருந்தேன். தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, "டாக்டர், இது பார்க்கின்சனா இருக்குமா?" என்று அவரிடமே கேட்டதற்கு, "நீங்க மெடிக்கல் லைனா?" என்றார். "இல்ல, அக்கவுண்ட்ஸ்." "அப்ப கூகுள் பாக்காதீங்க" என்று அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் மேல் கோபம், பெரியப்பா மேல் கோபம், வாயை மூடிக்கொண்டு எழுந்து வந்த என் மேலும் கோபம்.

பெரியப்பா மேல் கோபம் எதற்கு என்றால், வீட்டில் ஆடும் கை டாக்டர் முன்னால் ஆடவே ஆடாது. அவர் ஆடவிட மாட்டார். ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு பங்களாவில் அவர் அப்பா தோட்டக்காரராக இருந்தபோது, துரைமார்கள் முன்னால் கைகட்டி நிற்க வேண்டும் என்று சின்ன வயதிலேயே பழக்கிவிட்டார்கள். மதம் மாறியபோது எத்தனையோ பழக்கத்தை விட்டவர், இதை மட்டும் விடவில்லை. டாக்டர் அறைக்குள் நுழைந்ததும் இரண்டு கையையும் மார்போடு கட்டி, விரல்களை அக்குளுக்குள் செருகிக்கொள்வார். குடிகாரன் என்று பேர் வந்த பிறகு இன்னும் இறுக்கமாக. டாக்டர் கேட்கும் கேள்விக்கெல்லாம் நான் முந்திக்கொண்டு இங்கிலீஷில் பதில் சொல்லிவிடுவேன். ஆக, கையும் தெரியாது, குரலும் கேட்காது. நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து வியாதியை வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே போய்க்கொண்டிருந்தோம். அதை நான் எப்போது புரிந்துகொண்டேன் என்றால், நாலாவது டாக்டர் என்னை வாயை மூடச் சொன்னபோதுதான்.

பெரிய அரசு ஆஸ்பத்திரி. விடிவதற்கு முன்பே போய் வரிசையில் நின்று, மத்தியானம் உள்ளே போனோம். நரம்பு டாக்டர், வயதான அம்மா. நான் வழக்கம்போல, "டாக்டர், ஹி டஸ் நாட் ட்ரிங்க்..." என்று ஆரம்பித்தேன்.

"நீங்க பேசாதீங்கம்மா. அவரு பேசட்டும்." பெரியப்பா பக்கம் திரும்பி, "எதுக்குக் கையக் கட்டிட்டு இருக்கீங்க? குளிருதா?" என்றார்.

"மரியாதைக்கு, மேடம்."

"மரியாதை எனக்கு வேணாம். கை வேணும். மடியில வெச்சு அப்படியே விடுங்க. நூறுலேர்ந்து ஏழு ஏழா கழிச்சிட்டே வாங்க."

"நூறு... தொண்ணூத்தி மூணு..." குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. எண்பதுக்குள் போவதற்குள் விரல் உருட்ட ஆரம்பித்துவிட்டது. அவர் பதறி இடது கையால் அதைப் பிடித்தார்.

"விடுங்க. ஆடட்டும்" என்றார் டாக்டர்.

ஒன்றரை வருடத்தில் முதல் முறையாக ஒரு டாக்டர் முன்னால் அந்தக் கை ஆடியது. எனக்கு ஓவென்று அழ வேண்டும்போல இருந்தது. இதற்கா இத்தனை அலைச்சல்?

விரல்களைத் தட்டச் சொன்னார். நடந்து திரும்பச் சொன்னார். பின்னால் நின்று தோளைப் பிடித்து லேசாக இழுத்துப் பார்த்தார். சாப்பாட்டு வாசனை தெரிகிறதா, தூக்கத்தில் கைகாலை உதறுகிறாரா என்று கேட்டார். கடைசியில், "குடிப்பீங்களா?" என்றார்.

பெரியப்பா எழுந்தே விட்டார். "அம்மா, பெத்தவரு அதாலதான் செத்தாரு. நான் தொட்டதே இல்ல."

"உக்காருங்க. எல்லாரையும் கேக்கற கேள்விதான். பார்க்கின்சன்னுதான் தோணுது."

"தோணுதா?" என்றேன் நான். எனக்கு அடக்க முடியவில்லை. "டெஸ்ட் எதுவும் இல்லையா, டாக்டர்?"

"இதுதாம்மா டெஸ்ட். ரத்தத்துல தெரியாது. ஸ்கேன் எடுக்கறது வேற ஏதாவது இருக்கான்னு பாக்க. மாத்திரை தர்றேன். கேட்டுதுன்னா இன்னும் உறுதியாகும்."

தீராது, மெல்ல மெல்லக் கூடும், மாத்திரையை விடாமல் சாப்பிட வேண்டும் என்றெல்லாம் அவர் சொன்னார். பெரியப்பா கேட்டது ஒன்றே ஒன்று. "குடியால வந்தது இல்லன்னு எழுதித் தருவீங்களா, மேடம்?"

மறுநாள் அபார்ட்மென்ட் ஆபீசில் சீனிவாசராகவன் டாக்டர் எழுதித் தந்த சீட்டைப் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "அடடா, பார்க்கின்சனா? ரொம்ப கஷ்டம் ஆதி. அப்ப கேட்ல எப்படி நிக்கறது? கமிட்டில பேசணுமே."

எனக்கு வந்ததே ஆத்திரம்! குடித்தாலும் வேலை இல்லை, குடிக்காவிட்டாலும் வேலை இல்லையா? வாயைத் திறந்தேன். பெரியப்பா என் முழங்கையைத் தொட்டார்.

"வேலைய அப்புறம் பேசுங்க ஸார். குடிக்கறன்னு குரூப்ல போட்டாங்க இல்ல, இல்லன்னு போடுங்க."

"அதையெல்லாம் யாரு ஞாபகம் வெச்சிண்டிருக்கா?"

"நான் வெச்சினுகீறன்."

"வியாதியப் பத்திப் பொதுவுல போடறது சரியில்ல ஆதி. ப்ரைவசின்னு ஒண்ணு இருக்கு."

"என் வியாதி ஸார். நானே சொல்றன், போடுங்க."

செக்ரட்டரி போனை எடுத்துத் தட்டினார். நான் எட்டிப் பார்த்து எழுத்துப் பிழையைத் திருத்தினேன். அனுப்பினார். இரண்டு பேர் கும்பிடும் கை பொம்மை போட்டார்கள். மூன்றாவதாக ஒருவர், 'தண்ணி டேங்கர் எப்ப வரும்?' என்று கேட்டிருந்தார்.

"அந்த பி பிளாக் சாரு பாத்துட்டாரா?" என்றார் பெரியப்பா.

செக்ரட்டரி மெசேஜை அழுத்திப் பிடித்துப் பார்த்தார். "இல்ல. இன்னும் பாக்கல."

"சரி ஸார்." பெரியப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் எதிரில் உட்கார்ந்தார். "பாக்கட்டும். இருக்கேன்."