கொதித்த லாரியும் அறுபது பேர் சோறும்

போன வாரம் புத்தூரைத் தாண்டும்போது, ஒரு பழைய லாரி பானட்டைத் திறந்தபடி ஓரமாக நின்றிருந்தது. கொதித்த துருத் தண்ணீரின் வாடை பஸ்ஸுக்குள் வந்தது. எல்லோரும் மூக்கைப் பொத்தினார்கள். எனக்குப் பசித்தது. சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

நான் லாரி ஓட்டிய காலத்தில், சித்தூர் மாம்பழக்கூழ் பாக்டரிக்கு மாங்காய் சுமக்கும் வண்டி, புரட்டாசி வந்தால் பக்தி கொண்டுவிடும். நகரியிலிருந்து திருப்பதிக்கு நடந்துபோகிற அறுபது பேருக்கு அண்டா, அரிசி, விறகு, தண்ணீர் டிரம் எல்லாம் ஏற்றிக்கொண்டு முன்னால் போவேன். அவர்கள் வெறும் வயிற்றோடு நடந்து மதியம் புத்தூர் வந்து சேர்வதற்குள் சோறு வெந்திருக்க வேண்டும். சமையலுக்குக் குப்பம்மாக்கா கூடவே வரும்.

ஒரு வருடம் பாதி வழியில் டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொட்டது. நிதானமாக இறங்கினேன் என்று எழுத ஆசைதான். குதித்தேன். ஹேண்ட் பிரேக் போடவில்லை என்பது வண்டி நகர்ந்தபோது தெரிந்தது. மறுபடி ஏறி, மறுபடி குதித்தேன். பெல்ட் நன்றாக இருந்தது, ஹோஸ் கிழியவில்லை. துண்டைச் சுற்றி ரேடியேட்டர் மூடியைத் திருகினேன். ஆவி சீறியதில் நான் பள்ளத்தில் இருந்தேன்.

“ஹெட் கேஸ்கெட் போச்சுக்கா. எஞ்சினே பூடுச்சு” என்றேன், அழாத குறையாக. ஆவி அடங்கியதும் தண்ணீர் டிரம்மை ரேடியேட்டரில் கவிழ்த்தேன்.

“டேய், சோத்துக்கு வெச்ச தண்ணிடா அது.”

கொஞ்ச தூரம் போனோம். மறுபடி சிவப்பு. அதற்குள் நடைக்கூட்டம் கோவிந்தா போட்டுக்கொண்டு எங்களைக் கடந்தது. ஒருவர் நின்று, “டிரைவரே, கவுறு இருந்தா குடு, இஸ்துக்கினு போறோம்” என்றார்.

குப்பம்மாக்கா இறங்கி வண்டியின் முன்னால் போய் நின்றது. அங்கே இரண்டு ஹெட்லைட்டுக்கும் நடுவில் நான் இழுத்துக் கட்டியிருந்த பேனர். ஓரத்தில் சின்னதாகப் பெருமாள். நடுவில் பெரிதாக, கைகூப்பிய நான்.

“காத்து பூர்ற வழில உன் மூஞ்சியக் கட்டி வெச்சிக்கினு, கேஸ்கெட்டுன்றியே.”

“அதுல சாமி கீறாருக்கா.”

“சாமி ஓரமாத்தான் கீறாரு. நீதாண்டா அடைச்சிக்கினு கீற.”

காய் அரியும் கத்தியால் பேனர் கயிற்றை அறுத்தது. எஞ்சின் ஆறியபின் கிளம்பினோம். முள் அசையவில்லை.

புத்தூரில் அறுபது பேரும் எங்களுக்கு முன்னால் வந்து, புளியமரத்தடியில் சுருண்டு கிடந்தார்கள். பிறகு அவர்களே தண்ணீர் சுமந்தார்கள், விறகு பிளந்தார்கள். பேனரை விரித்து, என் நெற்றியில் பூசணியை வைத்து நறுக்கினார்கள். சாயங்காலம் ஆகும் வேளையில் சோறு இறங்கியது. ஒருவர் விடாமல் என்னைத் திட்டி, திட்டிக்கொண்டே இரண்டாம் முறையும் வாங்கித் தின்றார்கள்.

அந்த லாரி பழைய இரும்பாகிவிட்டது. இப்போது நடைக்கூட்டத்துக்கு வேனில் பொட்டலம் வருகிறது. அவரவர் பிரித்து, அவரவர் போனைப் பார்த்தபடி சாப்பிட்டு எழுகிறார்கள். சோறு நேரத்துக்கு வந்துவிடுகிறது. சேர்ந்து திட்டத்தான் ஆளில்லை.