கண்மாய்த் தண்ணீரும் பாதிரியார் பெட்டியும்

பாட்டில் கட்டுகிற தொழிலில் கை அவசரப்படக் கூடாது, வாய் சும்மா இருக்கக் கூடாது. தனுஷ்கோடியில் இலங்கைக்குக் கப்பலேறுகிறவர்களின் பெட்டிகளை நான் கட்டிக்கொடுத்த காலத்தில், இரண்டு பக்கமும் கடல் மினுங்கிக்கொண்டே கிடக்கும். விழித்திருக்கிறேனா, கனவா என்று பாதி நேரம் எனக்கே தெரியாது. பெட்டியைத் திறந்ததும் துணியெல்லாம் எண்ணெயாகக் கண்டு தலையில் அடித்துக்கொண்டவர்களே, உங்களுக்குத்தான் சொல்கிறேன்: பாட்டிலும் பாட்டிலும் ஒன்றையொன்று தொடவே கூடாது.

மோந்து பார்த்தவர்

மன்னார்ப் பக்கத்துக் கோயிலுக்குப் பூசை வைன் கொண்டுபோக ஒரு பாதிரியார் வந்தார். மதுவிலக்குக் காலம். பெர்மிட் இருந்தும் சுங்க அதிகாரி தக்கையைத் திறந்து, கண்ணை மூடி, வெகுநேரம் மோந்தார். பாதிரியார் இருமினார். திடுக்கிட்டு விழித்த அதிகாரி சொன்னது: "சும்மா, கெட்டுப் போயிருச்சான்னு பாத்தேன் ஃபாதர்!"

மறுகால்

அன்றைக்கே முதுகுளத்தூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி, ஒரு பாட்டில் கலங்கல் தண்ணீரோடு வந்து நின்றாள். தலைமன்னாரில் மூட்டை தூக்கும் புருஷனுக்குக் கொடுத்துவிட வேண்டுமாம். பாதிரியார் சரி என்றுவிட்டார். எனக்குத்தான் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஏம்மா, அங்கன தண்ணிக்கா பஞ்சம்?"

மழையில்லாத வருஷம் போனவன் அவன். ஒரு தடவை, ஆசையில், கண்மாய் நிறைந்துவிட்டது என்று பொய் எழுதி வரவழைத்திருக்கிறாள். வெடித்த தரையைப் பார்த்தவன் அடுத்த கப்பலிலேயே திரும்பிவிட்டான். "இப்ப நெசமாவே கண்மாய் நெறஞ்சு மறுகால் பாயுதுண்ணே. எழுதினா நம்ப மாட்டாக. நாக்குல வச்சா எங்க கண்மாய்த் தண்ணி அவுகளுக்குத் தெரியும்."

கறை

பாதிரியார் பெட்டியில் இரண்டு பாட்டிலையும் வைத்தேன்; வைக்கோல் ஒன்றுக்குத்தான் இருந்தது. எந்தப் பாட்டிலுக்குச் சுற்றினேன் என்று கேட்காதீர்கள். அடுத்த வாரம் திரும்பிய பாதிரியார், வைன் கறை படிந்த வெள்ளை அங்கியை என் முன்னால் விரித்தார். மன்னிப்புக் கேட்க வேண்டிய வாய், "அவன் தண்ணியக் குடிச்சானா ஃபாதர்?" என்று கேட்டது. "ஒரு மடக்குக் குடிச்சான். கடலையே பாத்துக்கிட்டு நின்னான். ஏன்யா, என் வைனுக்கு ஒரு பிடி வைக்கோல் வைக்க உனக்கு மனசு வரலையா?"

காலி பாட்டில்

அதன்பிறகு கப்பல் வரும்போதெல்லாம் இறங்குகிற முகங்களையே பார்த்தேன். கடல் அசையாமல் கிடந்த ஒரு காலையில், தலையில் தகரப் பெட்டியும், கக்கத்தில் படுக்கையும், கையில் அதே பாட்டிலுமாக ஒருவன் இறங்கினான். "ஊருக்கே திரும்பிட்டியா?" என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னான்: "இல்லண்ணே, பாட்டிலக் குடுத்துட்டு வரலாம்னுதான். வீட்டுல எண்ணெய்க்கு இது ஒண்ணுதான் இருக்கு."

எத்தனையோ பாட்டில்களை உடையாமல் அனுப்பியிருக்கிறேன், ஆனால் இன்றைக்கும் நினைத்து நான் சந்தோஷப்படுவது உடைந்துபோன அந்த வைன் பாட்டிலைத்தான்.