கோழிகளுக்குக் கேட்காத இடம்

சண்முகப்பிரியா பேசினால் பக்கத்தில் நிற்பவருக்கே பாதிதான் கேட்கும். பயந்த சுபாவம் என்று நினைத்துவிட வேண்டாம். எருமப்பட்டிப் பக்கம் ஒரு கோழிப்பண்ணையில் பதினேழு வருடமாக முட்டை எடுக்கிறாள், அவ்வளவுதான். கூண்டுக் கோழிக்குப் புது ஆள், புது நிறம், திடீர்ச் சத்தம் எதுவும் ஆகாது. மிரண்டால் மறுநாள் முட்டை குறைந்துவிடும். அதனால் வெளுத்த நீலக் கோட்டை மாட்டிக்கொண்டு, கொட்டகை வாசலில் வாளியை மூன்று முறை தட்டி, தான் வருவதைச் சொல்லிவிட்டுத்தான் உள்ளே போவாள். பழக்கம் முற்றிப்போய், தன் வீட்டில் ஆளில்லாத குளியலறைக் கதவையும் தட்டுகிறாள்.

கொட்டகையின் கம்பிவலை வழியாகக் கொல்லிமலை தெரியும். அதன் மேல் நின்று பார்த்தால் தான் முட்டை எடுக்கும் இந்த நாலாவது கொட்டகை எப்படி இருக்கும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை. ஒரு முறை பஸ்ஸில் போனாள். எழுபது வளைவிலும் வாந்தி. அன்றைக்கு அவள் கண்டதெல்லாம் ஒரு பிளாஸ்டிக் பையின் உள்பக்கம்தான்.

"நடந்தே போயிரலாம், காலு என்ன வாந்தியா எடுக்கும்?" என்றாள் பக்கத்து வீட்டுத் தையல்காரி கந்தம்மாள். அவள் இரண்டு முறை ஏறியவள். காலண்டர் தாளின் பின்பக்கத்தில் இருவரும் திட்டம் போட்டார்கள். காலை ஆறு மணிக்கு அடிவாரம். ஆளுக்கு மூன்று பாட்டில் தண்ணீர், புளிச்சோறு, அட்டைப்பூச்சிக்கு உப்பு. பதினோரு மணிக்குப் பெரிய பாறை. அதற்கு மேல் போவதில்லை. நாலு மணிக்குள் கீழே. வனத்துறை ஆளிடம் கந்தம்மாள் அனுமதியும் கேட்டு வைத்தாள்.

எல்லாம் சரி, லீவு யார் கொடுப்பது?

"ஒரு நாளைக்கு வேற ஆள உட்டா ஒரு வாரத்துக்கு முட்டை தேறாதும்மா" என்றார் பண்ணை முதலாளி தண்டாயுதபாணி. அவர் சொன்னதில் தப்பில்லை, அதுதான் எரிச்சல்.

அவள் கணவன் சந்தோஷ்குமார் போர்வெல் ரிக்கில் ஆபரேட்டர். வடக்கே மழை பிடித்ததால் வண்டி நின்று, ஒரு மாதமாக வீட்டில் இருந்தான். "நா எடுக்கறேன். முட்டைதான, பாறையா?" என்றான். அரை மனதாக ஒரு நாள் பழகிப் பார்க்கச் சம்மதித்தார் முதலாளி.

ரிக் இரைச்சலில் இருபது வருடம் கத்திப் பேசிய தொண்டை அது. வாளியைத் தட்ட மறந்து, சிவப்புச் சட்டையோடு உள்ளே நுழைந்தவன், "ஏ பிரியா, ட்ரே எங்கிருக்குது?" என்றான். நாலாயிரம் கோழியும் ஒரே நேரத்தில் சிறகடித்தன. மறுநாள் ஆறு ட்ரே முட்டை குறைந்தது.

"மலையும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டார் முதலாளி. அன்றிரவு அவள் காலண்டர் தாளை நாலாக மடித்து அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்தாள். அழவில்லை. ஆனால் சோறும் இறங்கவில்லை.

சந்தோஷ்குமாருக்கு அது சுருக்கென்று தைத்தது. மறுநாளே முதலாளியிடம் போய் நின்றான். "பத்து நாளைக்கு அவ பின்னாலயே வாரேனுங்க. வாயத் தொறந்தா கழுத்தப் புடிச்சுத் தள்ளுங்க."

அவளுடைய பழைய நீலக் கோட்டு அவனுக்குத் தோளில் பிதுங்கியது. அவளைப் போலவே வாளியைத் தட்டினான், கால் தேய்க்காமல் நடந்தான். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவன் இவ்வளவு நேரம் பேசாமல் இருந்தது இதுதான் முதல் தடவை. எட்டாம் நாள் முட்டை பழைய கணக்குக்கு வந்தது. பத்தாம் நாள் முதலாளி வெளியே நின்று காது கொடுத்துக் கேட்டார். உள்ளே இருப்பது அவளா அவனா என்று அவருக்கே தெரியவில்லை.

"ஞாயித்துக்கெழமை போய்ட்டு வாம்மா" என்றார்.

ஞாயிறன்று பதினோரு மணிக்குக் கொஞ்சம் முன்னதாகவே பெரிய பாறைக்கு வந்துவிட்டார்கள். கீழே சமவெளி வெயிலில் விரிந்து கிடந்தது. தகரக் கூரைகளை ஒவ்வொன்றாக எண்ணி நாலாவதைக் கண்டுபிடித்தாள். விரல் நகத்தளவுகூட இல்லை. இந்தச் சின்ன இடத்துக்குள்ளா பதினேழு வருடம் என்று நெஞ்சு கனத்தது. கூடவே, அதற்குள் இப்போது நடந்துகொண்டிருப்பவனை நினைத்துப் பாசமும் பொங்கியது. போனை எடுத்தாள்.

"மெதுவாப் பேசு, உள்ள இருக்கறேன்" என்று கிசுகிசுத்தான் சந்தோஷ்குமார். அவன் குரலுக்குப் பின்னால் கோழிகள் நிம்மதியாகக் கொக்கரித்துக்கொண்டிருந்தன.

"உங்க கூரை தெரியுதுங்க மாமா" என்று அவளும் கிசுகிசுத்தாள்.

கந்தம்மாள் சிரித்துவிட்டாள். "இங்க எந்தக் கோழி இருக்குது? சத்தமாத்தான் பேசேன்."

சண்முகப்பிரியா யோசித்தாள். போனை அணைத்து, துண்டில் சுற்றி, பைக்குள் பத்திரமாக வைத்து ஜிப்பை இழுத்து மூடினாள். பிறகு பாறையின் விளிம்புக்குச் சற்று முன்னால் நின்று, மலையே திருப்பிச் சொல்லும்படி "ஓ" என்று கத்தினாள்.