தம்பியின் கீழ்ப்பல் இரண்டு

தம்பி மாங்கொட்டையைப் பாதியில் விட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். எங்கள் வீட்டில் இது ஊரைக் கூட்டிச் சொல்ல வேண்டிய செய்தி.

அவனுக்கு முப்பத்தெட்டு வயது. பிறவியிலேயே மூளை முடக்குவாதம், கூடவே வலிப்பும். கை கால் அவன் பேச்சைக் கேட்காது, வாயில் சொல் வராது, சத்தம் மட்டும்தான். ஆனால் மாம்பழத்துக்குப் பேர்போன கிருஷ்ணகிரி மாவட்டத்துக்காரன் என்பதற்கு வேறு சான்றிதழே தேவையில்லை. நான் கொட்டையை வாயருகே பிடித்தால், அது வெள்ளை எலும்பாகும்வரை விடமாட்டான். அன்று விட்டான். கொட்டையின் நாரெல்லாம் சிவப்பாக இருந்தது.

நான் முதலில் பார்த்தது என் விரலை. மாம்பழம் நறுக்கியவன் நான்தானே, வெட்டுப்பட்டது நானாக இருந்துவிடக் கூடாதா என்று ஒரு நப்பாசை. விரல் பத்தும் பத்திரமாக இருந்தன. உடனே கொட்டையோடு வாசலுக்கு ஓடினேன். ஏன் ஓடினேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

"கொட்டைய எடுத்துக்கினு எங்க ஓடறீங்க?" என்று மனைவி பின்னாலிருந்து கத்தினாள். "ரத்தம் வர்றது தம்பிக்கா, கொட்டைக்கா?"

திரும்பி வந்து டார்ச் அடித்து வாயைப் பார்த்தோம். ஈறு கருஞ்சிவப்பாக வீங்கிப் பல்லைப் பாதி மூடியிருந்தது. கீழ் முன்பல் இரண்டும் நாக்கு பட்டாலே ஆடின.

இத்தனை நாள் எப்படித் தெரியாமல் போனது? களியால். எங்கள் வீட்டில் இரண்டு வேளை ராகிக் களி. களியை யாரும் மெல்வதில்லை. உருட்டிக் குழம்பில் தோய்த்து விழுங்குவதுதான் முறை. அவன் மெல்ல முடியாமல் எத்தனை மாதம் இருந்தானோ, களி எங்களுக்குக் காட்டிக்கொடுக்கவே இல்லை. "தம்பி நல்லா சாப்புடறான்" என்று வேறு கேட்பவர்களிடமெல்லாம் பெருமையடித்திருக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். பொங்கல் முடிந்த சமயத்தில் பல் துலக்கிவிடும்போது பிரஷ்ஷில் ரத்தம் பார்த்தேன். பயந்துபோய் பிரஷ்ஷை நிறுத்திவிட்டேன். ஈரத்துணியால் மேலோட்டமாக ஒரு துடைப்பு, அவ்வளவுதான். புண்ணைத் தொடாமல் விட்டால் ஆறிவிடும் என்பது என் சொந்த வைத்திய சாஸ்திரம்.

ஓசூரில் முதலில் போன பல் மருத்துவமனை, ஒரு செல்போன் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. லிஃப்ட் கிடையாது. தம்பியைச் சக்கர நாற்காலியோடு நானும் கடைப் பையன்கள் இருவரும் கல்யாண மாப்பிள்ளை மாதிரி தூக்கிக்கொண்டு போனோம். நடுப்படியில் என் இடுப்பு பிடித்துக்கொண்டது. "மாப்பிள்ளை தோழனுக்கும் ஒரு சேர் கொண்டாங்கப்பா" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. மருத்துவர் ஒரு நிமிடம் பார்த்தார். தம்பிக்குப் பயத்தில் கால் துள்ளியது, தலை ஆடியது.

"இப்படித் தலை ஆடினா இங்க ஒண்ணும் செய்ய முடியாதுங்க. முழு மயக்கம் குடுத்து எல்லாப் பல்லையும் எடுத்துடறதுதான் நல்லது. பெங்களூர் கூட்டிட்டுப் போங்க."

எல்லாப் பல்லையும். படியிறங்கும்போது அந்த இரண்டு சொற்களைத் தூக்குவதுதான் நாற்காலியைவிடச் சிரமமாக இருந்தது. இவனுக்குப் பல்செட் வைக்க முடியாது. வலிப்பு வந்தால் தொண்டையில் போய் அடைத்துக்கொள்ளும். பல் போனால் அப்புறம் வாழ்நாள் முழுக்கக் கூழ்தான்.

பெங்களூர் எங்களுக்கு ஒரு மணி நேரத் தூரம். பெரிய மருத்துவமனை, சாய்வுப் பாதை, லிஃப்ட், எல்லாம் இருந்தது. கவுண்டரில் இருந்தவர் தம்பியின் தமிழ்நாட்டுக் காப்பீட்டு அட்டையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஈ கார்டு இல்லி நடெயல்லா" என்றார். இந்த அட்டை இங்கே செல்லாது என்ற அந்த ஒரு கன்னட வாக்கியம் எல்லைப் பக்கம் எல்லோருக்கும் புரியும். "சார், பல்லுக்கு எந்த மாநிலம்னு தெரியாம முளைச்சிடுச்சு" என்றேன். அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே, மயக்க சிகிச்சைக்கு ஐந்து மாதம் கழித்து வரச் சொன்னார்.

ஐந்து மாதம். அதற்குள் தம்பி களியையும் ஒதுக்க ஆரம்பித்தான். சட்டை தொளதொளத்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? நான் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையின் டூல்ரூமில் இருபத்திரண்டு வருடமாக ஃபிக்ஸ்சர் செய்பவன். எந்தப் பொருளையும் ஆடாமல் பிடித்துவைக்கும் சட்டகம் செய்வது என் தொழில். மருத்துவர் தலை ஆடுகிறது என்றாரா, அதையே பிடித்துக்கொண்டேன். ஸ்கிராப் அலுமினியம், ரெக்சின், ஸ்பாஞ்ச், இரண்டு பெல்ட். மூன்று நாளில் தலை பிடிக்கும் சட்டகம் தயார்.

மனைவியும் ஒரு கம்பெனியில் அசெம்பிளி லைனில் இருந்தவள். சுற்றிவந்து பார்த்தாள். "ஏங்க, தம்பி தலைய பிடிக்கப்போறீங்களா, இரும்பு வைஸ்ல வெச்சு இறுக்கப்போறீங்களா?"

"நீ சும்மா இரு. மொதல்ல நானே போட்டுக் காட்டறேன்."

போட்டேன். கச்சிதமாகப் பொருந்தியது. கழற்றத்தான் முடியவில்லை, பக்கிள் சிக்கிக்கொண்டது. அரைமணி நேரம் தலையில் அலுமினியத்தோடு கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். மனைவி கத்தி, ஸ்பேனர், தேங்காய் எண்ணெய் என்று ஒவ்வொன்றாகக் கொண்டுவந்தாள். இதெல்லாம் தம்பி விழுந்து விழுந்து சிரிக்க வேண்டிய இடம். நான் வாசற்படியில் தடுக்கினாலே விக்கல் வரும்வரை சிரிப்பவன் அவன். அன்று உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு என்னையே பார்த்தான். கண் மட்டும் சிரித்தது. வாய் திறந்தால் வலிக்கும் போலிருக்கிறது.

அந்தச் சட்டகத்துக்குள்ளேயே அழுதேன். கண்ணைத் துடைக்கக் கை எட்டவில்லை, ஸ்பாஞ்ச் குறுக்கே நின்றது.

கிருஷ்ணகிரியில் ஒரு பெண் பல் மருத்துவர், தரைத்தளத்தில் சின்ன கிளினிக் என்று கேள்விப்பட்டு வேன் பிடித்துப் போனோம். சட்டகத்தையும் எடுத்துக்கொண்டேன். அவர் அதையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இது என்னங்க?"

விளக்கினேன். அளவு, பெல்ட், ஸ்பாஞ்சின் தடிமன் எல்லாம் சொன்னேன்.

"நல்லா செஞ்சிருக்கீங்க. கொண்டுபோய் வேன்ல வெச்சிருங்க" என்றார். "வீட்ல எந்த நேரத்துல இவரு ஆடாம இருப்பாரு?"

யோசித்தேன். "சேவிங் பண்ணிவிடறப்போ மேடம். நான் பின்னால நின்னுக்குவேன், அவன் தலைய என் நெஞ்சுல சாச்சுக்குவான்."

"எத்தனை வருஷமா?"

"இருபது வருஷம் இருக்கும்."

"அப்ப இன்னிக்கும் சேவிங்தான். சேரை விட்டு எறக்க வேணாம். பின்னால நில்லுங்க."

நின்றேன். தம்பி தலையைச் சாய்த்தான். அவர் முக்காலி போட்டு எதிரே உட்கார்ந்து, முதலில் பல் பார்க்கும் கண்ணாடியை மட்டும் காட்டினார், பிறகு அதால் பல்லைத் தொட்டார், பிறகு கையை எடுத்தார், பிறகு மறுபடி தொட்டார். நான் வழக்கம்போல சவரக்கடைக் கதை ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தேன். என் கால்தான் கிடுகிடுவென்று ஆடியது.

"தம்பி ஆடல, அண்ணன்தான் ஆடறாரு" என்றார் மருத்துவர்.

கையைக் கழுவும்போதுதான் கேட்டார். "ரத்தம் வந்ததும் பிரஷ்ஷை நிறுத்திட்டீங்களா?"

"பாவமா இருந்துச்சு மேடம்."

"நெறைய பேர் அப்படித்தான் செய்யறாங்க. அழுக்கு தங்கித்தான் ஈறு இவ்வளவு தூரம் போயிருக்கு. வலிப்பு மாத்திரையில சிலதுக்கு ஈறு வீங்கும். மாத்திரை எழுதிக் குடுத்த டாக்டர்கிட்ட கேளுங்க, நீங்களா நிறுத்தாதீங்க. ரத்தம் வந்தாலும் மெதுவா தினம் ரெண்டு வேளை துலக்கணும்."

என்னைத் திட்டியிருந்தால் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். திட்டவில்லை.

ஐந்து முறை போனோம். கடைவாய்ப் பல் மூன்று போய்விட்டன. மற்றவற்றைச் சுத்தம் செய்துவிட்டார். "கீழ ரெண்டும் சொல்ல முடியாது. எலும்பு கொறைஞ்சிருக்கு. ரெண்டு மாசம் பாக்கலாம்." அதற்குள் ஈறு இறுகாவிட்டால் அவையும் போகும், பக்கத்துப் பற்களும் வரிசையில் நிற்கும்.

அந்த இரண்டு மாதத்தில் ஒன்று முடிந்துவிட்டது. ஷிப்ட்டுக்குக் கிளம்பும் முன் தம்பிக்குப் பின்னால் நின்று, தலையை நெஞ்சில் சாய்த்து, மெல்லிய பிரஷ்ஷால் துலக்கிவிடுகிறேன். துப்பிய நுரை எவ்வளவு சிவப்பு என்று பார்த்துப் பார்த்தே நாள் போகிறது. நேற்றைவிட வெளுப்பு என்று நான் சொன்னால் மனைவி, "நேத்தும் இதையேதான் சொன்னீங்க" என்பாள்.

இன்று காலை கீழ்ப்பல்லுக்கு வந்தபோது அவனுக்கு வலித்திருக்க வேண்டும். நறுக்கென்று என் ஆள்காட்டி விரலைக் கடித்துவிட்டான். மாதக் கணக்கில் கடிக்காதவன். நான் கத்தினேன்; வலியில் பாதி, சந்தோஷத்தில் பாதி. விரலைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்கு ஓடினேன்.

"பாரு! கீழ ரெண்டும் பதிஞ்சிருக்கு! பிடிப்பு இருக்குதுடி!"

"மொதல்ல ரத்தத்த கழுவுங்க" என்றாள்.

குழாயைத் திறந்து கழுவினேன். தண்ணீர் சிவந்து, வெளுத்தது. விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பல் தடம் இருந்தது. தோல் எங்கேயும் கிழியவில்லை; அந்த ரத்தம் என்னுடையது இல்லை.

கூடத்தில் தம்பி வாயைத் திறந்து வைத்தபடி காத்திருந்தான். மேல்வரிசை இன்னும் பாக்கி இருந்தது.