பதினோரு மணி வரைக்கும்

ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லின் ஆபீஸில் வேலை பார்க்கிறேன். போன வருஷம் ஒரு மெஷினின் மின்சாரப் பேனலில் ஒயர் மாற்ற, வடக்கேயிருந்து சர்வீஸ் இன்ஜினியர் ஒருவர் வந்திருந்தார். தமிழ் தெரியாது. அவரிடம் எதுவானாலும் இங்கிலீஷில் சொல்வது என் பொறுப்பு.

"நாளைக்கு ஒம்பதுலருந்து பதினோரு மணி வரைக்கும் அந்த மெஷின் பக்கம் கரண்ட் இருக்காது. பொறவு போட்டுருவேன். அவருகிட்டச் சொல்லிருங்கக்கா," என்றார் எங்கள் எலக்ட்ரீஷியன். எனக்கு பஸ்ஸுக்குக் கிளம்புகிற அவசரம். 'பவர் வில் பி ஆஃப் பை லெவன்' என்று வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். 'ஓகே' என்று பதில் வந்தது.

மறுநாள் லீவு. ஸ்ரீவில்லிபுத்தூரில் மகளின் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம். போர்டில், கூட்டம் 'அன்டில் ட்வெல்வ்', ஃபாரம் கொடுப்பது 'பை ட்வெல்வ்' என்று எழுதியிருந்தது.

"ரெண்டும் ஒண்ணுதானம்மா?" என்றாள் மகள்.

"இல்லட்டி. அன்டில்னா பன்னெண்டு வரைக்கும். பைன்னா பன்னெண்டுக்குள்ள..."

சொல்லும்போதே நேற்று அனுப்பிய மெசேஜ் நினைவுக்கு வந்தது. பதினோரு மணிக்குள் கரண்டை நிறுத்திவிடுவார்கள் என்றல்லவா எழுதியிருக்கிறேன்! எலக்ட்ரீஷியன் கரண்ட் போட்டபிறகு, கரண்ட் இல்லையென்று நம்பி அந்த மனிதர் பேனலைத் திறப்பார்.

மணி 10.55. இன்ஜினியர் எடுக்கவில்லை. எலக்ட்ரீஷியனும் எடுக்கவில்லை, மெஷின் சத்தத்தில் கேட்டிருக்காது. ஆபீஸ் போனை எடுத்தது புதிதாகச் சேர்ந்த பெண்.

"ஏட்டி, ஷெட்டுக்கு ஓடு. பேனல்ல கை வைக்க வேண்டாம்னு இன்ஜினியர்ட்டச் சொல்லு!"

"என்னக்கா ஆச்சு?"

"பேசாத, ஓடு!"

டீச்சர் எங்களைக் கூப்பிட்டார். போனும் கையுமாக உட்கார்ந்தே இருந்தேன். பதினொன்று ஆனது, பத்து நிமிஷமும் கழிந்தது. அவருக்கு ஏதாவது ஆகியிருந்தால், அவர் வீட்டுக்கு எந்த மொழியில் போய்ச் சொல்வேன்?

11.20க்கு எலக்ட்ரீஷியன் கூப்பிட்டார். "பதறாதீங்கக்கா. பேனலத் தொறந்துட்டாரு. ஆனா டெஸ்டர் வைக்காம எதையும் தொடமாட்டாராம். டெஸ்டர்ல லைட் எரிஞ்சதும் வெலகிட்டாரு. எங்கிட்டதான் செத்த நேரம் கத்துனாரு. அந்தப் புள்ள பொறவுதான் ஓடி வந்துச்சு."

போனை வைத்ததும் அழுதுவிட்டேன். மகள் பயந்துபோய் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் இன்ஜினியரிடம் நானே தப்பைச் சொன்னேன். ஒன்பதிலிருந்து பதினொன்று என்று எழுதியிருந்தால் போதுமே என்றார்.

இப்போதும் நேரம் போட்டு மெசேஜ் அனுப்ப வேண்டுமென்றால், பக்கத்து சீட்டில் காட்டி, "என்ன புரியுது?" என்று கேட்டபிறகே அனுப்புகிறேன்.